ஆறரை மணி அப்பா

என் அப்பா இரண்டு வருடம் வானத்திலிருந்துதான் எங்கள் வீட்டுக்கு வந்துபோனார். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு வருவார். ஆறே முக்காலுக்குப் போய்விடுவார்.

கோடம்பாக்கத்தில் சினிமாவுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். கதாநாயகனின் நண்பன், கோர்ட் டவாலி என்று சில்லறைக் குரல்கள். அந்த வேலை குறைந்ததும் கடல் கடந்து ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கப் போனார். அந்தச் சேனல் எங்கள் கேபிளில் வராது. அம்மாவின் தம்பிக்கு டிஷ் மாட்டும் தொழில். யாரோ கழித்துப் போட்ட ஆளுயர டிஷ் ஒன்றைக் கொண்டுவந்து, மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் நிறுத்தி, ஏதோ ஒரு சேட்டிலைட்டைப் பார்க்கத் திருப்பிவைத்தார். அப்பா வந்துவிட்டார்.

அம்மா கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தாள். பஸ் பிடித்து ஓடிவந்து, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு டிவி முன் உட்காருவாள். நான் அதற்கும் ஒரு படி மேலே. பிறந்தநாள் கவுனைப் போட்டுக்கொண்டு திரைக்கு எதிரே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவேன். அப்பா சிரிக்காமல் பெட்ரோல் விலையைப் படிப்பார். செய்தி வாசிக்கிறவர்கள் சிரிக்கக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

முதலில் வாரம் தவறாமல் வந்த போன், பிறகு மாதத்துக்கு ஒன்றாகி, அப்புறம் நின்றே போனது. தினமும்தான் நேரில் வருகிறாரே, போன் எதற்கு என்று நான் நினைத்தேன். அம்மா மட்டும் அவருடைய சட்டையையே பார்ப்பாள்.

"இதுவும் புதுசு. இவருக்குச் சட்டை எடுக்கவே தெரியாது" என்பாள், யாரிடமோ சொல்வதுபோல.

ஒருநாள் ஆறரைக்கு வெறும் புள்ளிகள் வந்தன. மாமா ஓடிவந்து பார்த்தார்.

"சேட்டிலைட்டுக்கு வயசாயிடுச்சுக்கா. உள்ள எரிபொருள் தீந்துபோச்சாம். ரிடையர் பண்ணிட்டாங்கோ."

"கீழ வுழுந்துடுமா மாமா?" என்று கேட்டேன்.

"வுழாது. இன்னும் கொஞ்சம் மேல தள்ளி வுட்டுடுவாங்கோ. அது பாட்டுக்கு சுத்திக்கினே கெடக்கும். ஒண்ணியும் பேசாது, அவ்ளோதான்."

அப்பாவையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஆறரை ஆனால் புள்ளிகளுக்கு நடுவில் அவர் மூக்காவது தெரிகிறதா என்று தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா ஸ்பேனரோடு வந்தார். அந்தச் சேனல் வேறொரு சேட்டிலைட்டுக்கு மாறிவிட்டதாம். டிஷ் திருப்புவதற்கு ஒரு முறை உண்டு. திருப்புகிறவர் மாடியில், டிவி பார்க்கிறவர் வீட்டில், இரண்டு பேருக்கும் நடுவே படிக்கட்டில் ஒரு தொண்டை. அந்தத் தொண்டை நான்.

"வந்துச்சா?" என்று மேலேயிருந்து மாமா.

அம்மாவைக் கேட்டு, "வரலியாம் மாமா!" என்று நான்.

"இப்போ இன்னா?"

"இல்ல மாமா!"

எதிர்வீட்டு மாமி தலையை நீட்டி, "இன்னுமாடி வரலை உங்கப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது. கடலோர மாவட்டங்களில் மழை பெய்யும் என்றார். நான் மாடியைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் அம்மா வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்தாள்.

"வரலைன்னு சொல்லு."

"வந்துட்டாரும்மா! அதோ தெரியறாரே!"

"தெரியுது. வரலைன்னு சொல்லு."

"வரலியாம் மாமா!" என்று அழுதுகொண்டே கத்தினேன். மாமா டிஷ்ஷை நகர்த்தினார். அம்மா டிவியை அணைக்கவில்லை. என் கையை விடாமல், அப்பாவின் முகம் கலைந்து முடியும்வரை நின்று பார்த்தாள்.

மாமா இறங்கி வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வுடுக்கா. அது இனிமே வராது."

"காபி குடிச்சிட்டுப் போடா" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு அப்பா மேல் ஆசையே இல்லை என்று முடிவுகட்டி, பல நாள் அவளோடு நான் முகம்கொடுத்துப் பேசவில்லை. ஆசை இருந்ததால்தான் அவளால் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.