தன் கிளாஸில் தானே

கொரியாவில் தேகு நகரத்தின் ஒரு தெருமுனையில் இருக்கும் சூரை மீன் சாப்பாட்டுக் கடை எங்களுடையது. உறைந்த மீனை உப்புத் தண்ணீரில் இளக்கி, பச்சையாகவே துண்டு போடுவது என் வீட்டுக்காரர். தட்டு தீரத் தீரக் கொண்டுவந்து வைப்பதும், வருகிறவர்களிடம் வாய் கொடுப்பதும் நான். கிழவன் முதல் குமரன் வரை எல்லோருக்கும் நான் சித்தி.

டவுன் பஸ் ஓட்டுகிற தொக்சு, சம்பளம் வாங்கிய அன்று மனைவி ஒக்புன்னோடு வருவார். ஜன்னலோர மேசைதான் வேண்டும். கொழுத்த, ருசியான வயிற்றுத் துண்டுகளை எல்லாம் அவள் பக்கம் தள்ளிவிட்டு, சிவப்புத் துண்டையே கடற்பாசித் தாளில் சுருட்டி நல்லெண்ணெயில் தொட்டுத் தின்பார்.

"எனக்குக் கொழுப்பு ஆகாது சித்தி" என்பார். சுத்தப் பொய்.

"ஆமா, அதான் வாயில வேண்டிய மட்டும் இருக்கே!" என்பாள் ஒக்புன்.

எங்கள் ஊரில் யாரும் தன் கிளாஸில் தானே சோஜு சாராயம் ஊற்றிக்கொள்ளக் கூடாது. ஊற்றிக்கொண்டால் எதிரில் இருப்பவருக்கு மூன்று வருஷம் கெட்ட காலம் என்பார்கள். ஒருநாள் ஒக்புன் தன் தங்கச்சியோடு போனில் பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். இவருக்குப் பொறுக்கவில்லை. தானே ஊற்றிக் குடித்துவிட்டார்.

"அடப்பாவி மனுஷா! என்னைத் தீர்த்துக்கட்டவா பாக்குறீங்க?" என்று அவள் கத்தினாள். கடையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அடுத்த வருஷமே அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய். போய்ச் சேர்ந்துவிட்டாள், மகராசி.

அப்புறம் அவர் தனியாக வந்தார். அதே மேசை. வயிற்றுத் துண்டுகளை அந்தப் பக்கம் தள்ளி வைப்பதும் அப்படியே. ஆனால் சோஜு பாட்டிலைத் தொடவே மாட்டார். கடை நிரம்பி வழிகிற நேரத்தில், "சித்தி, கொஞ்சம் ஊத்துங்களேன்" என்று ஒவ்வொரு கிளாஸுக்கும் கூப்பிடுவார். எனக்கு எரிச்சலான எரிச்சல். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் டிரைவரே, அவ்ளோ பெரிய பஸ்ஸத் திருப்புற கைக்கு இந்த பாட்டில் கனக்குதோ?"

அவர் எதிர் நாற்காலியைப் பார்த்தார். "ஒருதரம் ஊத்திக்கிட்டதுக்கே அவ பட்டது போதும் சித்தி. இன்னும் வேணாம்."

இவ்வளவு நாளும் இந்த மனுஷன் இதையா சுமந்துகொண்டு பஸ் ஓட்டினார்! எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"அய்யோ, அதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்றது!" எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். ஒரு கிளாஸில் எனக்கு நானே ஊற்றி, ஒரே மடக்கில் குடித்தேன். "பாருங்க, இப்ப எதிர்ல இருக்கறது நீங்க. உங்களுக்கு என்ன ஆயிடும்? குத்துக்கல்லாட்டம் இருப்பீங்க!"

அவர் அந்தக் காலிக் கிளாஸையே பார்த்தார். ஒக்புன் போன பிறகு முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு.

"நெஜமாவே அந்தக் கெட்ட காலம் எனக்கு வருமா சித்தி? மூணு வருஷமெல்லாம் ஆகுமா, சீக்கிரமே வந்துடுமா?"

பாவி, நல்லது செய்வதாக நினைத்து என்ன காரியம் செய்துவிட்டேன்!

இப்போது அவர் வந்தால் பாட்டிலை நான் மேசையில் வைப்பதே இல்லை. எதிரில் உட்காராமல், கையிலேயே வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்று நானே ஊற்றுகிறேன். மற்ற மேசைக்காரர்கள் கத்தினால் கத்தட்டும்.