பல் வெளியே பார்த்த முப்பத்தொரு குழிகள்

ஒரு கண் அவிந்துபோனால் ஒருவருக்கு எது குறையும்? பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த புதிதில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. பாதி உலகம் குறையும் என்று எதையாவது உளறி வைத்திருப்பேன். எங்கள் கீழ்வீட்டுக் குழியக்காவுக்கு நடந்ததைக் கேட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது.

குழியக்கா என்பது அவள் வேலை பார்த்த இடத்தில் வைத்த பெயர். அது ஒரு வரைபட அலுவலகம். மூன்றாவது மாடியில், ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை போட்ட ஒரு நீள அறை. செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றும் விண்கலம் எடுத்து அனுப்பும் படங்கள் அந்த அறைக்கு வரும். அங்கிருப்பவர்கள் அவற்றைப் பார்த்து மேடு பள்ளங்களைக் கோடு கோடாக வரைந்து வரைபடத் தாளாக்குவார்கள். தென்துருவம் குழியக்காவின் பங்கு. பதினோரு வருஷமாக.

அந்தத் துருவத்தில் தரை என்பதே உறைந்த வாயுதான். நாம் மூச்சில் வெளியே விடுகிறோமே, அதே கரியமில வாயு அங்கே அடிக்கிற குளிரில் கட்டிபட்டு வெள்ளைப் பலகை போலப் படிந்து கிடக்கிறது. கோடை வந்ததும் பலகையில் வட்டம் வட்டமாகக் குழி விழும். அடித்தளம் தட்டையாக இருக்கும், சுவர் செங்குத்தாக நிற்கும். வருஷத்துக்குச் சில மீட்டர் அந்தச் சுவர் பின்வாங்கும். குழிகள் பெருத்து, ஒன்றை ஒன்று தொட்டு, ஒன்றாகிவிடும். கடைசியில் நடுவே மிச்சம் நிற்பது மேஜை போல ஒரு மேடு. மேலிருந்து பார்த்தால் பூச்சி அரித்த இலை மாதிரி இருக்கும். எது அரித்த ஓட்டை, எது மிஞ்சிய இலை என்று சொல்வதுதான் குழியக்காவின் வேலை.

சொல்லும் முறை எளிது. ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு, கோட்டின் மேல் சின்னச் சின்னப் பற்கள். பல் உள்ளே பார்த்தால் குழி, வெளியே பார்த்தால் மேடு. ஒரு நாளைக்கு நூறு குழிக்காவது பல் வைப்பாள்.

"பல் டாக்டருக்குப் படிச்சிருந்தா இந்நேரம் பங்களா கட்டியிருப்ப," என்பார் அவள் கணவர். அவர் குளிர்பதனப் பெட்டி பழுது பார்ப்பவர். "நீ ஐஸ்ல குழி தேடுற, நான் ஐஸ் பெட்டியில ஓட்டை தேடுறேன். நல்ல ஜோடிதான் போ."

அடுத்த மேஜைக்காரனுக்கு மணல் என்று பெயர். செவ்வாயின் வடதுருவத்தைச் சுற்றி வளையமாகக் கிடக்கும் கருமணல் மேடுகளை வரைபவன். வயதில் அவளுக்குப் பத்து வருஷம் இளையவன், வாயில் இருபது வருஷம் மூத்தவன். அவன் வடதுருவம், அவள் தென்துருவம், நடுவில் ஒரு குப்பைத்தொட்டி. அந்தத் தொட்டியைத்தான் இருவரும் பூமத்திய ரேகை என்பார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் தாள் மாற்றிக்கொள்ளும் நேரம். அவள் வரைந்ததை அவன் பார்த்து, மூலையிலுள்ள 'ஒத்துப்பார்த்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அவன் வரைந்ததை அவள். தாளில் பிழை வந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் ஒத்துப்பார்த்தவர்தான். வரைந்து வரைந்து கண் சலித்தவர் தப்புச் செய்யலாம், புதிதாகப் பார்ப்பவருக்கு என்ன சாக்கு? அந்த அலுவலகத்தின் கணக்கு அது.

பார்ப்பதற்கு ஒரு கருவி உண்டு. ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் நீலம் வைத்த அட்டைக் கண்ணாடி. விண்கலம் ஒரே இடத்தைச் சற்றே தள்ளித் தள்ளி இரண்டு படம் எடுத்திருக்கும். கண்ணாடி இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு ஒரு படம் என்று பிரித்துக் கொடுக்கும். இரண்டும் தலைக்குள் சேர்ந்ததும் தட்டையாக இருந்த திரையில் தரை எழும்பும், குழி இறங்கும். கையை விட்டால் முழங்கை வரை போகும்போல இருக்கும்.

ஒரு நாள் காலை குழியக்கா கண்ணாடியைப் போட்டாள். தரை எழும்பவில்லை.

கண்ணாடிதான் தேய்ந்துவிட்டது என்று நினைத்தாள். துடைத்துப் பார்த்தாள். புதிது வாங்கினாள். அந்த மாதம் மூன்றாவது முறை போய் நின்றபோது அலுவலகச் சாமான் அறையில் பொருள் கொடுப்பவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னக்கா, கண்ணாடிய வறுத்துத் திங்கிறீங்களா?"

"நல்லா மொறுமொறுன்னு இருக்கு. உங்களுக்கும் ரெண்டு தரட்டுமா?"

சிரித்துவிட்டு நேராகக் கழிவறைக்குப் போனாள். சுவர்க் கண்ணாடி முன் நின்று வலக்கண்ணைக் கையால் பொத்தினாள். எதிரே இருந்த முகத்தில் பாதியைச் சாம்பல் புகை மூடியிருந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை, ஒன்றும் இல்லை. குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு மேஜைக்குத் திரும்பினாள்.

அங்கேயே யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வேலை வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. படிவத்தில் 'இரு கண்ணிலும் நல்ல பார்வை உண்டு' என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு கட்டம். கணவரோ பெட்டி ஒன்றைத் தனியாகத் தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டு, வாரத்தில் மூன்று நாள்தான் கடை திறந்துகொண்டிருந்தார். வீடு அவள் சம்பளத்தில் நின்றது. குழியக்கா கட்டத்தில் சரி போட்டாள். அடுத்த வருஷமும் போட்டாள்.

ஆழம் தெரியாமல் இரண்டு வருஷம் எப்படி ஓட்டினாள் என்றால், வெளிச்சத்தை வைத்து. படத்தின் ஓரத்தில் சூரியன் எந்தப் பக்கம் என்று ஓர் அம்பு இருக்கும். சூரியன் இடப்பக்கம் என்றால் குழியின் இடச்சுவர் இருட்டாகவும் வலச்சுவர் பளிச்சென்றும் இருக்கும். மேடு என்றால் மாறி இருக்கும். பதினோரு வருஷப் பழக்கம் கூடவே வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாகவே விழுந்தது. ஆனால் வீட்டுப் படிக்கட்டில் கடைசிப் படி எங்கே என்று காலால் துழாவ ஆரம்பித்தாள். தேநீரை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள்.

"கண்ணை எங்க வச்சிருக்க?" என்பார் கணவர்.

"ஆபீஸ்ல வச்சிட்டு வந்துட்டேன்."

அவர் சிரிப்பார். துணி எடுத்துத் துடைப்பதும் அவர்தான்.

அப்புறம் அந்தத் தாள் வந்தது. துருவத்தில் கோடை பிறந்த நேரத்துப் படம். வெயில் விழுந்த சுவர்களில் உறைபனி முதலில் போய், அடியிலிருந்த தூசி கறுத்துத் தெரிந்தது. நிழல் சுவர்களில் பனி இன்னும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது வெளிச்சம் பொய் சொன்னது. இரு கண்ணும் உள்ள ஒருவர் கண்ணாடியைப் போட்ட மறுவினாடி கண்டுபிடித்திருப்பார். குழியக்கா அம்பைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மேடு என்று நினைத்தாள். முப்பத்தொரு குழிகளுக்கு வெளியே பார்க்கும்படி பல் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மணல் அந்தத் தாளை வாங்கினான். கண்ணாடி அவன் சட்டைப்பையிலேயே இருந்தது.

"பார்க்கலையா?" என்றாள்.

"நீங்க போட்டா போட்டதுதான் அக்கா. நான் பார்த்துதான் உங்க ஐஸ் உருகப் போகுதா?" கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இரண்டு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த நிம்மதியை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள். அவன் தாளில் அவள் போட்ட கையெழுத்தும் அதே லட்சணம்தான். ஆழமே தெரியாமல் அவன் மணல்மேடுகளுக்கெல்லாம் 'சரி' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து, அதே இடத்தை லேசர் கதிரால் அளந்த உயரக் கணக்கு வந்து சேர்ந்தது. தாளில் மேடு என்று போட்ட முப்பத்தொரு இடமும் சுற்றுத்தரையைவிடத் தாழ்ந்திருந்தது. பிரிவுத் தலைவி குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம். மணலைக் கண்ணாடிச் சுவர் போட்ட தன் அறைக்கு அழைத்தார். குழியக்காவின் மேஜையிலிருந்து அவன் முதுகு மட்டும் தெரிந்தது. முதலில் கை ஆட்டிப் பேசினான். பிறகு கை நின்றுவிட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தவன் பூமத்திய ரேகையைக் காலால் தள்ளினான்.

"கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன்னு சொல்லிட்டேன் அக்கா. எனக்கு மேடாத்தான் தெரிஞ்சுதுன்னு."

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"பார்க்காம கையெழுத்துப் போட்டேன்னு சொன்னா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இப்ப நாளைக்குக் காலையில எனக்குக் கண் டெஸ்ட். என் கண்ணு கழுகுக் கண்ணு. பாஸாகித் தொலைஞ்சிடுவேனே, அதான் பயமா இருக்கு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "உங்களுக்கு எப்படிக்கா தப்பாச்சு? உங்களுக்கே தப்பு வருமா?"

குழியக்கா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நாளை அவன் கண் நல்ல கண் என்று தெரிந்ததும், பார்க்காமல் போட்ட கையெழுத்து என்பதும் தெரிந்துவிடும். அவன் வேலை போய்விடும். தானாக வாய் திறக்காதவரை அவளை யாரும் கேட்கப் போவதில்லை.

சாயங்காலம் கணவர் முன்னால் டம்ளரை வைத்து ஊற்றினாள். தேநீர் மேஜை விளிம்பில் வழிந்து அவர் வேட்டியில் சொட்டியது.

"இன்னைக்கும் ஆபீஸ்லயே வச்சிட்டு வந்துட்டியா?"

"இடது கண்ணு தெரியலங்க."

துணியை எடுத்தவர் அப்படியே நின்றார்.

"எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷம்..." மெல்ல உட்கார்ந்தார். "நான் தினம் கிண்டல் பண்ணிட்டே இருந்திருக்கேன். நீயும் பதிலுக்குப் பதில் பேசிட்டே இருந்திருக்க. என்கிட்ட கூடவா சொல்லக் கூடாது?"

"சொன்னா வேலைக்குப் போகாதேம்பீங்க."

"ஆமா, சொல்லியிருப்பேன்," என்றார். சிந்திய தேநீரை யாரும் துடைக்கவில்லை.

மறுநாள் அலுவலகம் திறந்ததும் தலைவியின் அறைக்கு முதல் ஆளாகப் போனாள்.

"மேடம், மணலுக்கு டெஸ்ட் வேண்டாம். எனக்கு வைங்க."

தலைவி ஒன்றும் கேட்காமல் திரையில் ஒரு படத்தைத் திறந்தார். சிவப்பு நீலக் கண்ணாடியை நீட்டினார். ஒரு புள்ளியில் விரல் வைத்தார்.

"இது ஒசந்து இருக்கா, இறங்கி இருக்கா?"

குழியக்காவின் கண் பழக்கத்தில் சூரிய அம்பைத் தேடியது. தலைவி அதைக் கையால் மறைத்திருந்தார்.

"தெரியல மேடம்."

"எவ்வளவு நாளா?"

சொன்னாள். தலைவி கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனசுக்குள் தாள்களை எண்ணுகிறார் என்று குழியக்காவுக்குத் தெரிந்தது. இரண்டு வருஷம் அவள் வரைந்தது, இரண்டு வருஷம் அவள் ஒத்துப்பார்த்தது. இரண்டு துருவமும்.

"நீங்க வரைஞ்சதுல முக்கால்வாசி சரியாத்தான் இருக்கும்," என்றார் தலைவி கடைசியில். "ஆனா எது சரின்னு யாருக்கும் தெரியாதே."

அத்தனை தாளையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த வருஷம் வெளிவந்த வரைபடத்தில், தென்துருவத்தின் ஒரு பெரிய துண்டு சாம்பல் சாய்கோடுகளால் நிரப்பப்பட்டிருந்தது. 'மீண்டும் வரையப்படும்' என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அந்தச் சுவர்கள் அங்கே தம்பாட்டுக்குப் பின்வாங்கிக்கொண்டுதான் இருந்தன. எவ்வளவு என்று சொல்லத்தான் தாள் இல்லை.

மணலுக்கு வேலை போகவில்லை. எழுத்தில் கண்டிப்பு, ஒரு வருஷம் சம்பள உயர்வு கிடையாது, குழியக்கா விட்ட குழிகளை முதலிலிருந்து வரைய வேண்டும். அவள் மேஜையைக் காலி செய்த அன்று பையைத் தூக்கிக்கொண்டு கீழ்வாசல் வரை வந்தான்.

"கோவமா?" என்று கேட்டாள்.

"கோவம்தான். என்னை மாட்டிவிட்டதுக்கு இல்ல." பையைக் கைமாற்றினான். "ஒரு வார்த்தை, 'டேய், எனக்குத் தெரியலடா, நீ பார்த்துச் சொல்லு'ன்னு சொல்லியிருந்தா நான் தினம் பார்த்துச் சொல்லியிருப்பேனே அக்கா. கண்ணாடி என் பையிலதானே கெடந்துச்சு."

அவள் பையை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவன் போனில் பேசுவதுண்டு. வீட்டுக்கு வந்ததில்லை.

கண் மருத்துவமனையில் கண் அழுத்த நோய் என்றார்கள். வலிக்காமல், அறிகுறி காட்டாமல், ஓரத்திலிருந்து பார்வையைத் தின்கிற நோய். இடக்கண்ணில் போனது போனதுதான். வலக்கண்ணிலும் ஓரம் அரிக்கத் தொடங்கியிருந்தது. முதல் புகை தெரிந்த அன்றே வந்து சொட்டு மருந்து போட ஆரம்பித்திருந்தால், இரண்டையும் ஏறக்குறைய இருந்தபடியே நிறுத்தி வைத்திருக்கலாம் என்றார் மருத்துவர். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று குழியக்காவுக்குத் தோன்றியது.

இப்போது காலையும் மாலையும் வலக்கண்ணில் சொட்டு விட வேண்டும். அவளாக விட்டால் கன்னத்தில் விழுகிறது. கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இமையை விரலால் விரித்து, ஒரே ஒரு சொட்டு விடுகிறார். மருந்து உள்ளே இறங்கும்வரை அவள் அண்ணாந்தபடியே இருக்கிறாள்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ, தெரியாததைத் தெரிந்த மாதிரி சமாளித்துக்கொண்டு ஒருவர் இருக்கக்கூடும். அவர் வாய் திறக்கமாட்டார். குழியக்காவின் கதையை அவர் காதில் விழும்படி சொல்லுங்கள். அவர் யார் என்று தெரியாவிட்டால், எல்லோரிடமும் சொல்லுங்கள்.