ஆராயி எண்ணிய படிகள்

ஏற்காட்டு ஏரிக்கரையில் இருந்த நீர் ஆராய்ச்சி நிலையம் 1994இல் ஒரு மலர் வெளியிட்டது. அதன் முப்பத்தொன்றாம் பக்கத்தில், மங்கலான ஒரு புகைப்படத்துக்குக் கீழே, இப்படி அச்சாகியிருந்தது:

"திருமதி ஆராயி பொன்னுவேல், நாகலூர். இயற்கை ஆர்வலர். தன்னலமற்ற சமூகத் தொண்டர். நிலையம் தொடங்கிய நாள் முதல் அதன் வளர்ச்சியில் மகிழ்ச்சி கண்டவர். ஏரிக்கரை வணிகர்களின் நலனில் இடைவிடாத அக்கறை கொண்டவர்."

கடைசி வாக்கியத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. ஏரிக்கரையில் எட்டு வணிகர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மீது ஆராயிக்கு அக்கறை இருந்தது. அது ஒரு நாள்கூட விட்டுப்போனதில்லை. அந்த ஒருத்தி கண்ணாயி, ஆராயியின் கொழுந்தன் சின்னனின் மனைவி.

எழுபதுகளில் இருவரும் ஒரே வீட்டில் இருந்து, ஒரே பஸ்ஸில் வந்து, பழைய பஸ் ஸ்டாண்டு மரத்தடியில் ஒரே சாக்கை விரித்துப் பழம் விற்றவர்கள். கமலா ஆரஞ்சு, பேரிக்காய், வெண்ணெய்ப் பழம். கூறு கட்டுவது மூத்தவளான ஆராயி, கூவுவது கண்ணாயி. அப்போது ஏரிக்கரை என்பது குதிரைச் சாணமும் கோரைப் புல்லும் கொசுவும்தான். சாயங்காலம் ஆனால் அந்தப் பக்கம் போக யாருக்கும் வேலை இருந்ததில்லை.

1980இல் அங்கே ஆராய்ச்சி நிலையம் வரப்போவதாக அறிவித்தார்கள். மலைமேல் உள்ள தண்ணீரைப் பற்றி ஆராய்வதற்கு. நிலையத்தின் முன்னால் கரையைச் சீர்படுத்தி, எட்டுக் கடைகள் கட்டி, ஊரில் நெடுநாள் வியாபாரம் செய்பவர்களுக்குக் கொடுப்பதாகவும் சொன்னார்கள். ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு கடை. மனு வாங்கும் நாள் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் விழுந்தது. எஸ்டேட்டில் ஆராயிக்கு வேலை.

"நீயே போயிட்டு வாடி கண்ணாயி," என்றாள் ஆராயி. "ஏரிக்கரைக்கு எவன் வரப்போறான்? கொசுதான் வரும். கொசுவா பழம் வாங்கப் போவுது?"

"அப்ப எம் பேர எழுதிக்கிட்டாங்கன்னா என்னக்கா பண்றது?"

"எழுதிக்கிட்டும் போ. கொசு உம் பேரச் சொல்லியே கூப்புடும்."

எதிரே நின்றவளின் பேரை அதிகாரி எழுதிக்கொண்டார். ஏரிக்கரையின் நடுவில், தண்ணீருக்கு இறங்கும் ஏழு படிகளுக்கு நேர் மேலே இருந்த கடை கண்ணாயிக்குக் கிடைத்தது.

அடுத்த வருடம் நிலையம் திறந்தது. அதன் பின்னாலேயே குவார்ட்டர்ஸ் வந்தது, தெருவிளக்கு வந்தது, தார் ரோடு வந்தது. வெளியூர்க் கல்லூரி மாணவர்கள் கண்ணாடிக் குப்பிகளோடு வந்து தண்ணீர் மொண்டுகொண்டு போனார்கள், மொண்டவர்களுக்குப் பசித்தது. லாட்ஜுகள் எழுந்தன. பஸ்கள் ஏரி முனையிலேயே நிற்கத் தொடங்கின. ஏற்காடு புத்துயிர் பெற்றது என்று செய்தித்தாள்கள் எழுதின. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது: ஊர் வளரவில்லை, நானூறு கஜம் நகர்ந்துவிட்டது. மரத்தடியில் மிச்சம் இருந்தவர்கள் செருப்புத் தைப்பவர் ஒருவரும் ஆராயியும்தான்.

கண்ணாயி கடையில் பழத்தோடு டீ, டீயோடு பஜ்ஜி, பஜ்ஜியோடு பாட்டுப் பெட்டி என்று வந்துகொண்டே இருந்தது. நாகலூர் வீட்டில் அடுப்பு இரண்டாயிற்று. பிறகு சின்னனும் கண்ணாயியும் ஏரிப்பக்கமே குடிவந்தார்கள்.

ஆராயி சண்டை போடவில்லை. சண்டை போட்டால் "நீதானேக்கா போவச் சொன்னே?" என்று ஒரு கேள்வி வரும். ஆகவே விஷயத்தை மேலிடத்துக்குக் கொண்டுபோனாள். 1982 மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவில், கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு முன்னால் போய், ஏரித் தண்ணீர் ஏறி அந்தக் கடைக்குள் புக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். யாருக்கும் உயிர்ச்சேதம் வேண்டாம், சாமான் நனைந்தால் போதும் என்றும் சேர்த்துச் சொன்னாள். நியாயமான மனு என்பது அவள் எண்ணம்.

இதைக் கேட்ட அவள் புருஷன் பொன்னுவேல் சிரித்தார். "தண்ணி ஏறி எறங்கியே இருக்கும். நீ பாக்காத நாளாப் பாத்து ஏறியிருக்கும். சாமி செஞ்சுட்டேன்னு சொன்னா நீ என்னத்தக் காட்டுவே?"

இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது.

மறுநாளிலிருந்து ஆராயி தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து மடியில் செருகிக்கொண்டாள். முதல் பஸ்ஸில் இறங்கியதும் மரத்தடிக்குப் போகாமல் நேரே ஏரிக்குப் போனாள். கண்ணாயி கடைக்குக் கீழே தண்ணீருக்கு மேல் எத்தனை படி தெரிகிறது என்று எண்ணினாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் காப்பிப் பழக் கூடைகளைக் கோடு போட்டு எண்ணுவதைப் பார்த்திருக்கிறாள். அவரைப் போலவே தாளின் பின்பக்கத்தில் ஒரு படிக்கு ஒரு கோடு போட்டாள். சாயங்காலம் வீட்டில் கம்பியில் குத்தி வைத்தாள். ஒரு திருவிழாவிலிருந்து அடுத்த திருவிழா வரை ஒரு கம்பி. திருவிழா வந்தால் கம்பியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்ச் சாமி முன்னால் ஆட்டிக் காட்டினாள்.

"பாத்துக்க. இந்த வருசமும் மூணு படிக்கு மேல ஏறல. நீயே சொல்லு, இது உனக்கே நல்லாருக்கா?"

கண்ணாயிக்கு இந்தக் காலை வருகை தெரியாமல் இல்லை. அடுப்புப் பற்றவைத்தபடி கடைக்குள்ளிருந்து குரல் கொடுப்பாள்.

"என்னக்கா, தண்ணி எட்டுச்சா?"

"எட்டும், எட்டும். நீ பஜ்ஜியப் போடு."

"எட்டுனா சொல்லியனுப்புறேன். குளுர்ல நீ எதுக்குத் தெனம் வர்றே?"

1985 ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் மழை. பத்தாம் நாள் காலை ஒரே ஒரு படிதான் தெரிந்தது. அன்று பழம் வாங்கியவர்களுக்கெல்லாம் ஆராயி கேட்காமலேயே கொசுறு போட்டாள். மறுநாள் இரண்டு படி தெரிந்தது. அன்று விடிந்ததிலிருந்து அவளிடம் யாராலும் பேசமுடியவில்லை.

அதே தண்ணீரை அரசாங்கமும் அளந்துகொண்டிருந்தது. நிலையத்தைத் திட்டமிட்டவர்கள் சமவெளிக்காரர்கள். ஏரிக்குள் அறுபது அடி தள்ளி ஓர் அளவுக் கம்பம் நட்டு, அதை அலுவலக ஜன்னலிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குப் பார்த்து எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். ஏற்காட்டில் வருடத்தில் பாதி நாள், காலை ஏழு மணிக்கு ஜன்னலே தெரியாது. கம்பம் பார்க்கும் வேலையில் இருந்தவர் ஞானசுந்தரம். சாந்தமான மனிதர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். மூடுபனியில் கம்பம் தெரியாதபோது முந்தின நாள் எண்ணையே எழுதினார். முந்தின நாளும் தெரிந்திருக்காது. இப்படியே ஒன்பது அடி என்பது அவர் புத்தகத்தில் நிலைத்துவிட்டது. கண்ணாயி கடையில் டீ குடித்துக்கொண்டே எழுதினார் என்பதைத் தவிர, அந்த அளவுகளுக்கும் ஏரிக்கும் வேறு சம்பந்தம் இல்லை. அவர் புத்தகத்தில் விடுபட்ட நாள் ஒன்றுகூடக் கிடையாது. முதல் சந்தேகம் அதிலேயே வந்திருக்க வேண்டும்.

வரவில்லை, 1993 வரை. அந்த வருடம் கரை நெடுக நடைபாதை அமைத்து, ஊரின் முகத்தையே மாற்றப்போவதாகத் திட்டம் வந்தது. எட்டுக் கடைகளும் வெள்ளம் புகும் இடத்தில் இருக்கின்றனவா என்று பொறியாளர்கள் கேட்டார்கள். இல்லை என்று அளவுகள் காட்டினால் கடைகள் இருக்கும். காட்டாவிட்டால் இடிபடும். புத்தகத்தைத் திறந்தார்கள். 1987 கோடையில் பையன்கள் ஏரிக்குள் இறங்கிக் கிரிக்கெட் ஆடியதை ஊரே பார்த்திருக்கிறது. புத்தகத்திலோ அந்தக் கோடை முழுக்க ஒன்பது அடி. புத்தகத்தை மூடினார்கள்.

நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த ஆய்வாளர் லூர்துசெல்வி ஞானசுந்தரத்தைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர், "எனக்குத் தெரியாதுங்க மேடம். ஆனா அந்தப் பழக்காரம்மாவுக்குத் தெரியும்ங்க. பனியோ மழையோ, படிக்கே வந்து எண்ணிட்டுப் போவும்," என்றார்.

லூர்துசெல்வி மரத்தடிக்கு வந்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"ஏனுங்க அம்மிணி, தண்ணி வந்த எடம்னா கடைய இடிச்சுப்போடுவாங்களா?" என்றாள் ஆராயி.

"ஆமாங்கம்மா."

"நெசமாலுமா?"

"நெசமாத்தான்."

ஆராயி சாக்கைச் சுருட்டிச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துவிட்டு அடுத்த நாகலூர் பஸ்ஸைப் பிடித்தாள். பதினோரு கம்பிகளையும் துணியில் கட்டித் தலையில் வைத்துத் திரும்பினாள். அவள் மனசில் இருந்தது ஒரே ஒரு தாள்: 1985 ஐப்பசி, ஒற்றைக் கோடு. அது போதும் என்று நினைத்தாள்.

போதவில்லை. கண்ணாயி கடை பெஞ்சில் தாள்களைப் பரப்பிப் பார்த்த பொறியாளருக்கு முகம் மலர்ந்தது. "மோசமான வருசத்துலகூட ஒரு படி மிச்சம் இருந்திருக்கு. அப்ப கடைக்குள்ள தண்ணி வரவே இல்ல!" ஆராயி பதினோரு வருடம் சாமியிடம் புகாராகக் காட்டியது, மனிதர் கையில் நற்சான்றிதழாகிவிட்டது.

அப்போதுதான் லூர்துசெல்வி ஆறாம் கம்பியிலிருந்து நாலு தாள்களை எடுத்தாள். 1987 நவம்பர். நல்ல மழை மாதம். நாலிலும் கோடே இல்லை.

"இதுல ஒரு படியும் தெரியலையா? அப்ப இந்த நாலு நாளும் கடைக்குள்ள தண்ணி இருந்துச்சா?"

 எஸ்டேட்கள் எழுதிவைக்கும் மழைக் கணக்கைப் பார்க்கலாம். ஆனால் மழை சொன்னால் போதாது, படியைப் பார்த்தவள் சொல்ல வேண்டும். கடை அந்த நாலு வெற்றுத் தாளில் நின்றது. ஆராயி வாயைத் திறந்து 'ஆமாங்க' என்றால் முடிந்தது. தலையை அசைத்தால்கூடப் போதும்.

கண்ணாயிக்கு அது புரிந்துவிட்டது. கையில் ஜல்லிக் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"அவகிட்டயா கேக்கறீங்க? அந்த நாலு நாளும் நான் இங்கதான் பஜ்ஜி போட்டுட்டு இருந்தேன். ஆனா அவ தண்ணி வந்துச்சுன்னுதான் சொல்லுவா, பாருங்க. பன்னண்டு வருசமா எம்மேல வவுத்தெரிச்சல். பொய்யத் தவுர அவ வாயில ஒண்ணும் வராது!"

ஆராயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கடையைப் பார்த்தாள்; புதுப் பெயர்ப்பலகை, கண்ணாடி அலமாரி, கூரை வரை அடுக்கிய பழம். அந்தக் கூறுகள் எதுவும் சரியாகக் கட்டப்படவில்லை என்பதையும் பார்த்தாள். கடை போவதைப் பார்க்கப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தவள் அவள். ஆனால் கண்ணாயி சொன்னது நாலு பேர் முன்னால் சரியாகிப்போவதை ஒரு நொடிகூடத் தாங்கமுடியவில்லை.

"தண்ணி வரலீங்க அம்மிணி," என்றாள். "நாந்தான் வரல. எங்க வூட்டுக்காரருக்குக் கொடலிறக்கம் ஆபரேசன்னு சேலம் ஆஸ்பத்திரில கெடந்தோம். வூட்டுக்கு வந்துதான் அந்தத் தாளக் கிழிச்சேன். பாக்காததுக்கு எப்புடிங்க கோடு போடறது?"

பிறகு கண்ணாயி பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டயாடி? எவ வாயில பொய் வருதுன்னு பாத்துக்க."

பெஞ்சு நுனியில் இருந்த ஞானசுந்தரம் மெதுவாக எழுந்து அடுத்த கடைக்குப் போய் நின்றுகொண்டார்.

எஸ்டேட்களின் மழைக் கணக்கோடு தாள்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருந்தியது. கடைகள் நின்றன. நடைபாதை வந்தது, அதன் உயரம் அந்த ஒற்றைக் கோட்டைக் கொண்டுதான் தீர்மானிக்கப்பட்டது. ஏரிக்கரையில் கூட்டம் இன்னும் பெருகியது, கண்ணாயி கடைக்குப் பக்கத்து அறையும் சேர்ந்தது. மலர் வெளியீட்டு விழாவில் ஆராயிக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். விழாவுக்கு டீயும் பஜ்ஜியும் கண்ணாயி கடையிலிருந்து வந்தன. முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர்களில் கண்ணாயியும் ஒருத்தி. ஆராயி அந்தப் பக்கம் திரும்பவில்லை. டீயையும் தொடவில்லை.

தன்னலமற்ற தொண்டு பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆராயி செய்தது இவ்வளவுதான்: பதினோரு ஆண்டுகள், தினமும் காலையில், கொழுந்தன் பெண்டாட்டியின் கடை மூழ்கிவிட்டதா என்று பார்க்க ஏரிக்குப் போனாள். தெரிந்த படிகளை எண்ணி, ஒரு படிக்கு ஒரு கோடு போட்டாள். போகாத நாலு நாளைக்கு எதுவும் போடவில்லை.