ஞானஸ்நானத்தன்று சுவரில் வந்த செய்தி

உர்சுலாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. கிளமெண்டியில் ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா பக்கத்துத் தேவாலயத்தில் பாடல் வரிகளைச் சுவரில் காட்டுவாள். கல்லூரி கழித்துக்கட்டிய லினக்ஸ் கணினி ஒன்றை அதற்கென்று தூக்கிவந்திருந்தாள். அது உள்ளுக்குள் என்ன முணுமுணுக்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. அதனால் கன்சோல் செய்திகளைக் காட்டும் சின்ன ஜன்னலைத் திரையின் வலது ஓரத்தில், எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி வைத்திருந்தாள்.

அன்று ஜோவன்னாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஜோவன்னா தொண்ணூறு புகைப்படங்களை அனுப்பி, "எல்லாத்தையும் போடுங்க ஆன்ட்டி" என்றிருந்தாள். ஒவ்வொன்றும் யானைக் கனம். புது புரொஜெக்டரையும் அன்றுதான் மாட்டியிருந்தார்கள். பங்குத் தந்தை இயேசுதாசன் குழந்தையின் தலையில் தண்ணீரை ஊற்றிய அதே கணத்தில் கணினிக்கு நினைவகம் தீர்ந்தது. பீடத்துக்கு மேலே ஆங்கிலத்தில் கொட்டை கொட்டையாய் வந்தது செய்தி: நினைவகம் இல்லை, இதைக் கொல் அல்லது பிள்ளையைப் பலியிடு.

முன்வரிசையில் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். பாடகர் குழு பாட்டை அந்தரத்தில் விட்டது.

"உர்சுலா, என்ன இது?" என்றார் ஃபாதர், மைக்கை அணைக்காமலே.

"பிள்ளைன்னா நம்ம பிள்ளை இல்ல ஃபாதர்! ஒரு புரோகிராம் பெத்த இன்னொரு புரோகிராம்!" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

"அப்ப அதைப் பலி குடுத்துட்டுப் பாட்டைப் போடு லா!"

ஜோவன்னாதான் முதலில் சிரித்தாள். பிறகு கோயிலே சிரித்தது.

பூசை முடிந்ததும் உர்சுலா குடைந்து பார்த்தாள். பழைய புரொஜெக்டர் இடப்பக்கத் திரையாக இருந்தது; புதியது இரண்டாவது திரையாக வலப்பக்கம் ஒட்டிக்கொண்டதால், வலது ஓரம் என்பது இப்போது சுவரின் ஓரம். ஜன்னல் தன் மேசையிலுள்ள முதல் திரைக்குள்ளேயே திறக்கும்படி இடத்தைத் திருத்தினாள். ஐந்து நிமிட வேலை. ஆனால் பங்குப் பேரவைக்கு மனசு ஆறவில்லை. இனி அவளுடைய சொந்தக் கணக்கில் கணினியை ஓட்டக்கூடாது என்று, பாடகர் குழுவின் பெயரில் புதுக் கணக்கு திறக்கச் சொன்னார்கள்.

மறுவாரம் ஜன்னல் ஒழுங்கான இடத்தில் வந்து உட்கார்ந்தது. உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. உர்சுலாவுக்குக் கை அரித்தது. கணினி ஏதாவது சொல்கிறதா என்று பார்க்க ஒரு பென்டிரைவைச் செருகிப் பிடுங்கினாள். பழைய கணக்கில் நுழைந்து பார்த்தால் செய்திக் கோப்பில் அது பதிவாகியிருந்தது, புதுக் கணக்கின் ஜன்னலில் மட்டும் காணோம். ஆக, கணினி பேசிக்கொண்டுதான் இருக்கிறது, கேட்கத்தான் அனுமதியில்லை. அந்தச் செய்திகளைப் படிக்கும் உரிமை நிர்வாகக் குழுவில் உள்ள கணக்குகளுக்கு மட்டும். அவளுடைய பழைய கணக்கு அதில் இருந்தது, புதியது இல்லை.

"பேரவை எனக்குச் செவிட்டுக் காதைக் குடுத்திருக்கு" என்று பல்லைக் கடித்தபடி புதுக் கணக்கைக் குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி நுழைந்தாள்.

ஃபாதர் பிரசங்கத்தைத் தொடங்கியிருந்தார். இறைவனோடு நமக்குள்ள தொடர்பு ஒருநாளும் அறுவதில்லை என்று அவர் அழுத்திச் சொன்னபோது, ஜன்னலில் முதல் வரி விழுந்தது: இணைப்பு துண்டிக்கப்பட்டது.

உர்சுலா வாயைப் பொத்தியும் சிரிப்பு பீறிட்டுவிட்டது. ஃபாதர் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல ஃபாதர், நீங்க பேசுங்க" என்று சொல்லிவிட்டு, யார் கால் தட்டி ஒயர் கழன்றது என்று பார்க்க மேசைக்கடியில் நுழைந்தாள்.