கார்டில் இல்லாத ஒயர்

ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாகச் சொரிமுத்து அந்தக் கம்பத்தில் ஏறினார். ஐப்பசி மழை நசநசவென்று தூறிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து, இடுப்பில் தொங்கிய சோதனை போனின் கவ்விகளை வடிவம்மாள் டீச்சர் வீட்டு இணைப்பில் மாட்டிக் காதில் வைத்தார். டயல் டோன் சுத்தமாக இருந்தது. இரைச்சல் இல்லை, கொரகொரப்பு இல்லை.

ஆனால் வீட்டுக்குள் கம்ப்யூட்டர் ஓட மாட்டேன் என்கிறது.

அது 1999. டீச்சரின் ஒரே மகன் கணேஷ்ராம் அமெரிக்காவில் இருந்தான். சித்திரையில் வந்தவன் மடியில் வைக்கிற கம்ப்யூட்டர் ஒன்றை அம்மாவிடம் கொடுத்து, போன் ஒயரை அதில் மாட்டிக் கடிதம் வாங்கவும் போடவும் பழக்கிவிட்டுப் போனான். அதுவரை ஞாயிறுதோறும் போனில் பேசிக்கொண்டிருந்தவன், பிறகு கடிதத்தோடு நிறுத்திக்கொண்டான். ஆவணி வரை எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. இப்போது இணைந்த ஒரு நிமிஷத்தில் வேகம் விழுந்துவிடுகிறது. அப்புறம் அறுந்துபோகிறது. பேத்தியின் படம் நெற்றி வரைக்கும் வந்து நின்றிருந்தது.

சொரிமுத்து ஏரலில் கேபிளுக்குக் குழி தோண்டும் கூலியாகச் சேர்ந்தவர். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்தும் கேட்டும் கை சுட்டும் கற்றுக்கொண்டு லைன்மேன் ஆனார். இருபத்து நாலு வருஷத்தில் எந்தப் பழுதையும் காதாலேயே பிடித்துவிடுவார். ஈரம் இறங்கிய கேபிள் ஒரு மாதிரி இரையும், துருப்பிடித்த முடிச்சு வேறு மாதிரி. இந்த லைன் எந்த மாதிரியும் இரையவில்லை.

எக்ஸ்சேஞ்சில் லைன் சோதிக்கிற பிச்சைக்கண்ணு விடவில்லை. “உம்ம காதுக்கு நல்லா கேட்டா ஆச்சாவே? கம்ப்யூட்டர் என்ன உம்ம மச்சினனா, பொறுத்துக்கிடதுக்கு?”

சொரிமுத்து அந்த லைனின் கார்டை எடுத்து வைத்துக்கொண்டார். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டு போன் வரைக்கும் உள்ள ஒவ்வொரு இணைப்பும் அதில் இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து, சுரண்டி, புதிதாக முறுக்கினார். கால்வாயோரம் இருந்த பழைய ஒயரை மாற்றினார். கார்டில் இருந்தது அத்தனையும் முடிந்தது. பழுது அப்படியே இருந்தது.

அன்று கம்பத்திலிருந்து இறங்கி வீட்டுக்கே வந்தார். முன்கூடத்துச் சுவர்ப் பெட்டியில் கவ்விகளை மாட்டி, கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, “இப்பம் போடுங்க டீச்சர்” என்றார்.

கம்ப்யூட்டர் டக டகவென்று எண்களைச் சுழற்றியது. கீச்சென்று கத்தி, இரைந்து, இணைந்தது. வேகம் 28,800 என்று காட்டியது. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். சிறிது நேரத்தில் கிளுக்கென்று ஒரு சத்தம். வேகம் விழுந்தது. பிறகு இரைச்சல் மொத்தமும் நின்றது.

லைன் மட்டும் திறந்தே கிடந்தது. அதில் ஒரு மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

“ஆ… ஆ…” என்றது ஒரு குரல்.

சொரிமுத்து காதிலிருந்து போனை எடுத்தார். விறுவிறுவென்று பின்னறைக்குப் போனார். டீச்சரின் கணவர் திருஞானசம்பந்தம் கட்டிலில் படுத்திருந்தார். இடது கையில் ரிசீவர். காதோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

போன வருஷம் அவருக்கு முதல் பக்கவாதம் வந்தபோது, ஆபீசுக்குத் தெரியாமல் கூடத்து லைனிலிருந்தே ஒயர் இழுத்து இந்தப் போனை வைத்துக் கொடுத்ததே சொரிமுத்துதான். தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. அதனால் கார்டில் எழுதவில்லை, யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறக்காமல் இருந்து இருந்து, அப்படி ஒரு ஒயர் இருப்பதே அவர் மனசிலிருந்து போய்விட்டது. ஊர் ஒயரையெல்லாம் சுரண்டியவர் தன் ஒயரைத் தொடவில்லை.

“கம்ப்யூட்டர் நம்பரைச் சுத்துதப்போ இந்த மணி லேசா கிணுங்கும் டீச்சர். சார் மகன்தான் கூப்பிடுதாருன்னு தடவித் தடவி எடுக்காங்க. எடுத்ததும் அங்கன அறுந்துருது.”

பின்னாலேயே வந்திருந்த வடிவம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “முன்னெல்லாம் கூடத்துல என் பக்கத்துலயே நாற்காலியில இருப்பாங்க. ஆவணியில ரெண்டாவது தடவை வந்ததுக்குப் பொறவுதான் இந்தக் கட்டிலு. பேச்சும் போச்சு.”

“தம்பிக்குத் தெரியுமா?”

“எழுதலை. வேலையை விட்டுட்டு ஓடியாந்துருவான். விசா கிசான்னு என்னமோ சொன்னான்.”

“நான் ஒயரைக் கழட்டிருதேன் டீச்சர். பழுது என்னோடது.”

“இரு. ஞாயித்துக்கெழமை ஒரு தடவை அவனைப் பேசச் சொல்லுதேன். குரலைக் கேட்டுக்கிடட்டும். பொறவு கழட்டு.”

கம்ப்யூட்டரைப் பக்கத்து வீட்டுப் போனில் மாட்டி மகனுக்குக் கடிதம் போட்டார். ஞாயிறு காலை சொரிமுத்தும் வந்து நின்றார். எட்டு மணிக்கு மணி அடித்தது. திருஞானசம்பந்தம் ரிசீவரை எடுத்தார். அறை அமைதியாக இருந்ததால் மகன் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

“அப்பா… நல்லாருக்கீங்களா? அப்பா? கேக்குதா?”

அவர் வாய் கோணி அசைந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. லைனில் மூச்சுச் சத்தம் மட்டும் போயிற்று.

“ஹலோ… ஒண்ணுமே கேக்கலையே. காத்து அடிக்க மாதிரி இருக்கு.”

வடிவம்மாள் ரிசீவரை வாங்கப் பார்த்தார். அவர் விடவில்லை. டீச்சர் முன்கூடத்துப் போனுக்கு ஓடினார்.

“லைன் இன்னும் சரியாகலை போலப்பா. நான் லெட்டர் போடுதேன். வச்சிருதேன்.”

டீச்சர் கூடத்தில் எடுத்தபோது வெறும் டோன்தான் இருந்தது.

ரிசீவரை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, ஆவணியிலிருந்து எழுதாமல் வைத்திருந்ததை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். சொரிமுத்து திருப்புளியோடு பின்னறைச் சுவரருகே போனார்.

“கழட்டிரட்டுமா டீச்சர்?”

“வேண்டாம் சொரிமுத்து. அது இருக்கட்டும். இந்த லெட்டர் போற வரைக்கும் நீ பைய அவரு கையை மட்டும் பிடிச்சுக்கோ.”

அவர் திருப்புளியைப் பையில் போட்டுவிட்டுக் கட்டிலோரம் குத்தவைத்தார். “சார், கொஞ்ச நேரந்தான்” என்று அந்த இடது கையைப் பற்றினார்.

கூடத்தில் எண்கள் சுழன்றன. தலைமாட்டில் மணி லேசாகக் கிணுங்கியது. கை துள்ளியது. இத்தனை நாள் படுத்துக்கிடந்த உடம்பில் இவ்வளவு பலம் இருக்கும் என்று சொரிமுத்து நினைக்கவில்லை. விரல்கள் போனை நோக்கி விரிந்து விரிந்து மடங்கின. திருஞானசம்பந்தம் சொரிமுத்துவின் முகத்தையே பார்த்தார். சொரிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

“லெட்டர் போயிட்டு” என்றது கூடத்திலிருந்து டீச்சர் குரல்.

சொரிமுத்து பிடியை விட்டார். கை நேராக ரிசீவருக்குத்தான் போயிற்று.