கட்டிலுக்கடியில் ஒரு விலாசம்

யாருக்காவது உடம்பு முடியாமல் போனால்தான் எனக்குப் படுக்க இடம் கிடைக்கும். கேட்க அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளி தனியாகக் கிடக்க முடியாது. கூட ஒரு ஆள் வேண்டும். பைஸ்டாண்டர் என்பார்கள். கஞ்சி வாங்க, மருந்துச் சீட்டோடு ஓட, பெட்பான் வைக்க, டிரிப் தீர்ந்தால் சிஸ்டரைக் கூப்பிட. பிள்ளைகளெல்லாம் துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிற வீட்டில் இதற்கு ஆள் எங்கே இருக்கிறது? அந்த ஆளாகக் கூலிக்கு இருப்பதுதான் என் தொழில். நோயாளிக்குக் கட்டில், எனக்குக் கட்டிலுக்கடியில் பாய். குளிக்க ஆஸ்பத்திரிக் குளிமுறி, துணி காயப்போட மாடிக் கம்பி. ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் என் குடித்தனம் முழுக்க அடங்கும்.

என் நோயாளிக்குச் சுகமாகி டிஸ்சார்ஜ் என்று டாக்டர் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமும் வரும், இனி எங்கே படுப்பது என்ற கவலையும் வரும். அடுத்த ஆள் கிடைக்கும்வரை கேஷுவாலிட்டி முன்னால் உள்ள நாற்காலிதான். அங்கே உட்கார்ந்திருக்கும் யாரும் நீ யார் என்று கேட்பதில்லை. எல்லாருக்கும் அவரவர் கவலை.

இந்த வேலையை நான் படித்துக்கொண்டது குன்னத்துகாலில், புருஷன் வீட்டில். புருஷன் முன்பே போய்விட்டார். மாமியார் கிடையில் கிடந்தார். பார்க்க ஆள் வேண்டும் என்பதால் அந்த வருஷங்களில் நான் எல்லாருக்கும் வேண்டியவளாக இருந்தேன். மாமியாரும் போனபின் வீடு கொழுந்தன் பேரில் என்பது திடீரென்று எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது. அவன் என்னைப் போகச் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். "இருந்துக்கோ" என்றான். அந்த இருந்துக்கோவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இனி இந்தப் படி ஏறினால் என் பேரை மாற்றிக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு வேறு வந்தேன். என் வாய் அப்படி. கோபத்தில் சொன்னதைக் கோபம் தீர்ந்த பிறகும் விடமாட்டேன்.

வேலைக்கு வந்த முதல் நாளே ஒரு விஷயம் புரிந்தது. பைஸ்டாண்டராக வருகிற பெண்ணிடம் கூலி கேட்பதற்கு முன்னாலேயே கேட்பார்கள்: வீடு எங்கே? வீடில்லாதவளிடம் பெற்ற தாயை யார் விட்டுவிட்டுப் போவார்கள்? நானாக இருந்தாலும் விடமாட்டேன். அதனால் குன்னத்துகாலில் வீடு உண்டு என்று சொல்ல ஆரம்பித்தேன். வெறும் வீடு என்றால் பற்றவில்லை. சுற்றி ரப்பர் வைத்தேன். ரப்பர் விளைகிற அம்பூரியிலிருந்து வந்த ஒருத்தி மரத்தில் பால் எவ்வளவு இறங்கும், பாலை ஷீட்டாக அடிப்பது யார் என்று விசாரிக்கத் தொடங்கியதும் ரப்பரை வெட்டிவிட்டு வாழை நட்டேன். கிணறு உண்டு, கோடையில் வற்றும். மேற்குப் பக்கம் ஓடு ஒழுகும். மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் எல்லாருக்கும் ஒரே வீட்டையே சொன்னேன். உண்மையான வீட்டுக்குக்கூட நான் இவ்வளவு பாடுபட்டதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கையில் காசு தருகிறவர்கள் குறைந்துபோனார்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து போனில் பணம் போடும் காலம் வந்தது. காஞ்சிரங்குளத்துக்கு அப்பால் கடற்கரையிலிருந்து வந்த ஒரு அம்மைக்கு நான் இருந்தேன். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற வீடு. மகள் குவைத்தில். தினமும் வீடியோவில் அம்மையைப் பார்த்து அழுதுவிட்டு, சேச்சி உங்க ஜிபே நம்பர் தாங்க என்பாள். எனக்கு ஏது நம்பர்? கேட்டுக்கு வெளியே லாட்டரி விற்கிறவர் போனுக்குப் போடச் சொன்னேன். அவர் நாணயமான மனுஷன்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும், உனக்கு ஒரு அக்கவுண்ட் இல்லையா, வீட்டில் யாருக்கும் இல்லையா என்று தெருவே கேட்கும்படி கேட்பார். இதற்கு முன்னாலேயே இரண்டு குடும்பங்கள், அக்கவுண்ட் இல்லாத ஆள் வேண்டாம் என்று வேறு ஆளைப் பிடித்திருந்தார்கள். இனி பேங்குக்குப் போகாமல் தீராது என்று ஆனது.

பேங்கில் இருந்த ஆபீசர் சின்னப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள். குன்னத்துகால் விலாசம் போட்ட என் ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த விலாசத்தில்தான் இருக்கிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அத்தனை பேரிடம் சொன்ன பொய்தானே. ஆனால் ஏடிஎம் கார்டு தபாலில் இந்த விலாசத்துக்கு வரும் என்று அடுத்தாற்போல் சொன்னாள். கார்டு கொழுந்தன் கையில் கிடைக்கும். அதை வாங்க நான் அந்தப் படி ஏற வேண்டும். இல்லை, இப்போது அங்கே இல்லை என்றேன். அப்படியானால் தற்போது இருக்கிற இடத்தை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள்.

போதும் என்று அவள் லேசாகச் சொல்லிவிட்டாள். பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் தொண்டையைச் செருமினார். கடைசியில் ஆஸ்பத்திரிப் பேரை எழுதி, பெண்கள் வார்டு என்று எழுதி, அப்போது நான் இருந்த கட்டிலின் நம்பரையும் எழுதிவிட்டேன். அது ஏன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. விலாசம் என்றால் ஒரு கதவு நம்பர் வேண்டுமே என்று தோன்றியிருக்கும். அந்தப் பெண் வாசித்துவிட்டு, அங்கே ஸ்டாஃபா என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

பாஸ்புக் கையில் வந்த அன்று அதை மாற்றுப்புடவைக்குள் சுற்றி, பையின் அடியில் வைத்து, பையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். என் பேர் மட்டும் அச்சடித்த ஒன்றை நான் அதுவரை வைத்திருந்ததில்லை. ரேஷன் கார்டில்கூட யாருடைய மனைவி, யாருடைய மருமகள் என்றுதான் இருந்தது. சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது.

பழைய போன் ஒன்று வாங்கி, அந்த நம்பரைப் பேங்கில் கொடுத்தேன். வார்டில் ஒரு பிளக்தான் உருப்படியாக வேலை செய்யும், அதில் சார்ஜ் போட வரிசை. கார்டு வந்தால்தான் ஜிபே வைத்துத் தர முடியும் என்று லாட்டரிக்காரர் சொல்லிவிட்டார். கார்டுக்குக் காத்திருந்தேன். அதற்குள் காஞ்சிரங்குளத்து அம்மைக்குச் சுகமாகி வீட்டுக்குப் போனார். நான் வேறு கட்டிலுக்கு மாறினேன். அம்மையை அனுப்பிவைத்த சந்தோஷத்தில் என் விலாசமும் அன்றைக்கே மாறிப்போனது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

கார்டுக்குப் பதில் ஒரு மெசேஜ் வந்தது. விலாசம் உறுதியாகும்வரை கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாதாம். மறுநாள் காலையில் பேங்குக்கு ஓடினேன். அந்தப் பெண் ஒரு கவரை எடுத்து என் முன்னால் வைத்தாள். என் பேர், என் வார்டு, என் கட்டில். அதன்மேல் சிவப்பு மையில் குறுக்கே எழுதியிருந்தது: டிஸ்சார்ஜ்டு. வார்டுக்குப் புதிதாக வந்த சிஸ்டர் அந்தக் கட்டில்காரி போய்விட்டாள் என்று பார்த்து எழுதித் திருப்பியிருக்கிறாள். அவளைச் சொல்லி என்ன? நோய் தீர்ந்தவளைத் தேடி யாரும் கடிதம் போடுவதில்லை.

"வார்டுக்கு போன் பண்ணினேன்" என்றாள் அந்த ஆபீசர் மலையாளத்தில். ஹெட் சிஸ்டர் எடுத்தாராம். இந்தப் பேரில் பேஷண்ட் இருக்கிறாரா என்று இவள் கேட்டிருக்கிறாள். இல்லை என்றாராம். ஸ்டாஃபா? இல்லை. அப்படியானால் யார் என்று கேட்டதற்கு, அவங்க இங்கேதான் தாமசம், வருஷக்கணக்காக இங்கேயே தங்கியிருக்காங்க, வேறே வீடு இல்லை என்றாராம். கார்டை இன்னொரு தடவை அனுப்புகிறேன், கட்டில் நம்பர் வேண்டாம், ஹெட் சிஸ்டர் வாங்கித் தருவதாகச் சொன்னார் என்றாள். ஒரு கையெழுத்து மட்டும் போடச் சொன்னாள்.

என் காரியம் நடந்துவிட்டது. ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஹெட் சிஸ்டருக்குத் தெரியும் என்றால் வார்டு முழுக்கத் தெரியும். வார்டுக்குத் தெரிந்தால் நோயாளி வீட்டுக்காரர்களுக்குத் தெரிய எவ்வளவு நேரம்? கிணறும் வாழையும் ஒழுகுகிற ஓடும் போயிற்று. பஸ்ஸில் வரும்போது பயம் போய்க் கோபம் வந்தது. இதைச் சொல்ல ஹெட் சிஸ்டர் யார்? தெரியாது என்று சொல்லியிருக்கக் கூடாதா?

நேரே ஹெட் சிஸ்டர் மேசைக்குப் போனேன். அவர் ஊசி மருந்துகளை எண்ணிக்கொண்டிருந்தார். பாறசாலைக்காரி, என்னைவிட நாலைந்து வயது இளையவர், அதிகம் பேசமாட்டார்.

"எனக்கு வீடு இல்லன்னு உங்களுக்கு யாரு சொன்னது, சிஸ்டர்?"

அவர் எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "யாரு சொல்லணும் சேச்சி? வீடு உள்ளவ யாராவது எல்லா ஓணத்துக்கும் ஆஸ்பத்திரியில கிடந்து சோறு உண்ணுவாளா? நாங்க லீவுக்கு அடிபிடி கூடுத நாளாக்கும் அது."

ஓணம் வந்தால் டாக்டர்கள் எழுந்து நடக்கக்கூடிய எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வார்டு காலியாகும். ஒவ்வொரு வருஷமும் நான் பயந்து சாவேன். ஒவ்வொரு வருஷமும் சரியாக ஓணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று, இந்த சிஸ்டர் என்னைத் தேடி வந்து, மூலைக் கட்டிலில் யாரும் இல்லாத ஒரு கிழவி கிடக்கிறாள், நீங்கள் இருந்தால் உபகாரம் என்று கேட்பார். உபகாரமாம். ஐயோ பாவம், இவருக்காக இருப்போம் என்று நான் பெரிய மனசு பண்ணிச் சரி சொல்வேன். அது என் அதிர்ஷ்டம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"கேக்குதவங்க கிட்டயெல்லாம் குன்னத்துகால்ல வீடு உண்டுன்னு நானும்தான் சொல்லுதேன்" என்றார். பிறகு, "பேங்குல பொய் சொல்லப்பிடாதுல்லா, அதான்" என்று சொல்லிவிட்டு ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு போனார். நான் குளிமுறிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கத்தில் அழுதேன் என்றுதான் முதலில் நினைத்தேன், வெட்கம் இல்லை.

கார்டு வந்த அன்று நான் வேறொரு அம்மைக்குக் காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அந்த அம்மையின் மகள் பாறசாலையில் தையல்காரி. அன்றைக்குத்தான் என்னை வேலைக்கு வைக்கலாமா என்று பேச வந்திருந்தாள்; பேசி முடிவதற்குள் நான் எண்ணெயை எடுத்துவிட்டேன். புது சிஸ்டர் வார்டு வாசலில் நின்று என் முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லாக் கட்டிலும் திரும்பிப் பார்த்தது. போய் வாங்கிக்கொண்டு வந்தேன். கவரைப் பார்த்த மகள் கேட்டாள், "உங்களுக்கு லெட்டரு இங்கயா வருது?"

வாய் பழக்கத்தில் குன்னத்துகாலுக்குப் போனது. பிடித்து இழுத்தேன்.

"ஆமா மக்கா. எனக்கு வீடு இல்ல. இங்கதான் கிடக்கேன்."

அவள் அம்மையைப் பார்த்தாள், பிறகு என் பையைப் பார்த்தாள். போகச் சொல்லப்போகிறாள் என்று நினைத்து எண்ணெய்க் கையைத் துடைக்கத் தொடங்கினேன்.

"அப்பம் அம்மைக்கு சொகமாச்சுன்னா நீங்க எங்க போவீங்க?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. "அடுத்த கட்டிலுக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அம்மையின் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு கவர் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கேட்டுக்கு வெளியே போய் லாட்டரிக்காரரைக் கூட்டி வந்து, இவங்களுக்கு இந்தக் கார்ட வச்சு ஜிபே எடுத்துக் குடுங்க என்றாள். அவர் என்னவெல்லாமோ அமுக்கித் தந்ததும் அவள் முன்பணம் போடத் தன் போனை எடுத்து என் நம்பரை அடித்தாள். திரையில் ஒரு பேர் வந்தது. அதை எனக்கு நேராகத் திருப்பிக் காட்டி, இது நீங்கதானே என்று கேட்டாள்.

நான்தான் என்றேன்.