ஏரியில் ஒரு பழுப்புக் கோடு

அந்த வருடம் நான் வரைந்தவற்றில் உருப்படியானது என்று எனக்கே தோன்றிய ஒரே படத்தை அக்கா இரண்டு நிமிடம்கூட நின்று பார்க்கவில்லை. ஊரப்பாக்கத்தில் என் வீட்டு முன்னறைச் சுவரில் அதைச் சாய்த்து வைத்திருந்தேன். ஐந்தடி அகலத் துணி, விளிம்பு முதல் விளிம்பு வரை பச்சை. கோவிலம்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரிதான் அது. அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தபோது, தண்ணீரே தெரியாதபடி பச்சை படர்ந்திருந்தது. கரையோரம் மஞ்சளாகத் தொடங்கி நடுவே போகப்போக நீலம் கலந்து கெட்டியாகிற பச்சை. மாடியிலேயே பென்சிலால் நாலைந்து பக்கம் கிறுக்கிக்கொண்டு வந்து, ஆறு வாரம் அந்தப் படத்தோடு மல்லுக்கட்டினேன்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அழகா இருக்கு. அதான்டா பிரச்னை," என்றாள். "ஒருத்தருக்குக் காய்ச்சல்ல கன்னம் செவந்து கிடக்கு. நீ அதைப் பார்த்து என்ன நிறம்னு சொக்கிப்போய் வரைஞ்சிருக்க."

அக்கா தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறாள். இருபது வருடமாக அவள் ஆராய்ச்சியெல்லாம் பாசிகள்தான். என் பிழைப்பு பள்ளிக்கூடக் கைடுகளுக்குப் படம் போடுவது. இதயத்தின் குறுக்குவெட்டு, மண்புழுவின் உணவுக்குழல், செம்பருத்திப் பூவின் பாகங்கள். அம்புக்குறி போட்டு, பெயர் எழுதி, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் கொடுக்க வேண்டும். அதனாலேயே எனக்கென்று வரைய உட்காரும்போது எதற்கும் அம்புக்குறி போட மாட்டேன் என்று ஒரு வீம்பு.

"நீ மைக்ராஸ்கோப்ல பார்த்து எண்ணிட்டு இருக்க. எனக்கு எண்ண வேண்டாம். மனசுல என்ன தோணுச்சோ அது போதும்."

"தோணுறது எல்லாருக்கும் தோணும். அப்புறம் அது சரியானு பார்க்கணும்ல."

"படத்துல சரி என்ன, தப்பு என்ன?"

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து படத்தின் இடது மூலைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அங்கே, பழைய பம்பு அறைப் பக்கத்துக் கரையிலிருந்து, பச்சைக்குள் ஒரு பழுப்புக் கோடு ஓடியது. விரலைப் படத்தில் படாமல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது என்ன? பார்த்தியா, நீயா வச்சியா?"

ஒரே பச்சையாக இருந்தால் கண் அலுத்துவிடும், அந்த மூலையில் ஏதாவது வேண்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. கோடு அங்கே இருந்ததால் போட்டேனா, தேவைப்பட்டதால் போட்டேனா என்பதுதான் நினைவில்லை. அதை அப்படியே சொன்னேன்.

"எப்படிடா தெரியாமப் போகும்?" என்றாள். கோபமில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. அவள் போன பிறகு அந்தக் கேள்வி மட்டும் வீட்டில் உட்கார்ந்துகொண்டது.

பென்சில் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். பம்பு அறைப் பக்கம் ஒரு இழுப்பு இருந்தது. நிழலாக இருக்கலாம். கை வழுக்கியதாகவும் இருக்கலாம். கைடு வேலையில் உட்கார முடியவில்லை. சிறுநீரகத்துக்கு அம்புக்குறி போடும்போது கோடு ஞாபகம் வந்தது. சாப்பிடும்போது வந்தது. இரண்டு நாள் பொறுத்துவிட்டு மூன்றாம் நாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"ஒரு கோட்டுக்காக அவ்ளோ தூரமா?" என்று மனைவி கேட்டாள். அவளுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகம். கம்பெனி வண்டிக்கு ஓடுகிற அவசரத்தில் என் பதிலுக்கு அவள் நிற்கவில்லை. நிற்காததும் நல்லதுதான்.

அப்படி இரண்டு வாரம் போனேன். ஜிஎஸ்டி சாலையில் ஊர்ந்து, தாம்பரம் தாண்டி, மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே மூச்சுமுட்டி, ஏழு ஏழரைக்கு ஏரிக்கரையில் நிற்பேன். பச்சை இருந்தது. பழுப்பு இல்லை. ஒரு நாளாவது ஞாயிற்றுக்கிழமை போயிருக்கலாம். அன்று மனைவிக்கு விடுமுறை என்பதால் போகவில்லை.

ஏரியில் வலை வீசுகிற ஒருவர் என்னைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மூத்தவராக இருப்பார். ஒரு நாள் அவராகவே பக்கத்தில் வந்தார்.

"இன்னா சார், தெனிக்கும் வந்து தண்ணியவே பார்த்துகினு நிக்கிற? எதுனா தொலைச்சிட்டியா?"

"இல்லண்ணா. அந்தப் பம்பு ரூம் பக்கம் தண்ணில பழுப்பா ஒரு கோடு பார்த்த மாதிரி ஞாபகம். நிஜமாவே பார்த்தேனானு தெரியல."

"அதுவா. கக்கூஸ் லாரி வுடுறதுதான் அது. ஞாயித்துக்கெழமதான் வருவான். வெளிச்சம் வர்றதுக்குள்ள கொட்டிட்டுப் பூடுவான். வெயிலு ஏறுனா அதுவும் கலைஞ்சு பூடும். மத்த நாளு வந்து நின்னுகினு இருந்தா உனுக்கு எப்டித் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமைதான் நான் மாடியில் நின்றது. ஆக, பார்த்துத்தான் போட்டிருக்கிறேன். முதலில் நிம்மதியாக இருந்தது. வண்டியைக் கிளப்பி மேடவாக்கம் வருவதற்குள் அது போய், வேறொன்று வந்து உட்கார்ந்தது. அந்தப் படத்தில் நானாக யோசித்துச் சேர்த்தது என்று நான் உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ஒரே இடம் அதுதான். அதுவும் என்னுடையது இல்லை. செப்டிக் டேங்க் லாரியுடையது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையே போய் நின்றேன். லாரி வந்தது. குழாயை இறக்கிக் கொட்டிவிட்டுப் போனது. கைப்பேசியில் படம் எடுத்தேன். வெளிச்சம் போதாமல் முதல் மூன்று படங்கள் கலங்கிவிட்டன.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் சமையலறையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். அடுப்படியிலிருந்து வாசல்வரை, வாசலிலிருந்து அடுப்படிவரை.

"ரெண்டு வருஷமா மண்டையக் குடைஞ்சிட்டு இருக்குடா. மழைத்தண்ணி கால்வாய் வந்து சேர்றது அந்தக் கோடி. பாசி முதல்ல கட்டுறது இந்தக் கோடி. ஏன்னு புரியல. போன மாசம் மேடவாக்கம் சிக்னல்ல நிக்கும்போது, பம்பு ரூம் பக்கம் எதோ இருக்குனு திடீர்னு தோணுச்சு. எதை வச்சுத் தோணுச்சுனு கேட்டா சொல்லத் தெரியாது. உன் படத்துல அதே இடத்துல கோட்டைப் பார்த்தேன். அதான் அப்படிக் கேட்டேன்."

"தோணுச்சா?" என்றேன்.

"தோணாம எங்கடா ஆரம்பிக்கிறது? நீ தோணுறதோட நின்னுடுற. நாங்க அதுக்கப்புறம் அதைப் பொய்னு நிரூபிக்கப் பார்ப்போம். முடியலைன்னா வச்சுப்போம்."

மின்சார பில்லின் பின்பக்கத்தில் ஏரியை வரைந்தாள். மோசமாக வரைந்தாள். ஆழம், காற்றுத் திசை, பாசியின் அளவு என்று அதன்மேல் எண்களாக எழுதிக்கொண்டே போனாள். அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்தது. நான்தான் எழுந்து அணைத்தேன். அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, கால் கட்டைவிரலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். படம் முடிகிற நேரத்தில் நானும் அப்படித்தான் இருப்பேன் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். விஞ்ஞானிகள் படிப்படியாக, நிதானமாக யோசிப்பவர்கள் என்று நாற்பத்து மூன்று வயதுவரை நம்பியிருந்தேன். ஒரே வீட்டில் வளர்ந்தும் அவளுக்கு இந்த அரிப்பு உண்டு என்பது எனக்குத் தெரியாது.

கடைசியில் நிமிர்ந்தாள். "அந்தக் கழிவுதான் பாசிக்குத் தீனி. பகல்ல பாசி ஆக்சிஜன் விடும். ராத்திரில அதுவே இழுத்துக்கும். மூணு நாள் சேர்ந்தாப்ல வெயில் இல்லாம மூடாப்பு போட்டுச்சுன்னா, நாலாவது நாள் காலைல தண்ணில மூச்சே இருக்காது. மீன் மொத்தமும் செத்துரும்." சொல்லும்போது அவள் முகம் பளிச்சென்று இருந்தது. அதை நான் கவனித்தேன்.

படங்களோடு ஊராட்சி அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தோம். பார்க்கிறோம் என்றார்கள். லாரி வந்துகொண்டிருந்தது.

ஆடி முடிகிற சமயம் வானம் மூடியது. மழை இல்லை, வெயிலும் இல்லை, புழுக்கம் மட்டும். முதல் நாள் நான் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் நாள் அடிக்கடி பால்கனிக்குப் போய் மேலே பார்த்தேன். மூன்றாம் நாள் எந்த வேலையும் ஓடவில்லை. நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். "வா," என்றாள்.

கரை நெடுக மீன். பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை. சின்னதும் பெரியதுமாக வயிறு மேலே தெரியக் கிடந்தன. சில இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடின. வலைக்காரர் கரையில் உட்கார்ந்திருந்தார். "எல்லாம் கவுந்து கீது பாரு சார்," என்றார்.

அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று ஆக்சிஜன் அளக்கும் கருவியைப் பிடித்திருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. எண்ணைப் படித்து என்னிடம் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். தண்ணீர் பிடித்த குப்பியை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

என் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நான் மீன்களின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெள்ளை இல்லை. சாம்பல் நீலம், செவுளுக்குப் பக்கத்தில் லேசாக ரோஜா நிறம். அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் அந்த ரோஜா இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. வீட்டில் இருக்கிற எந்தெந்த வண்ணக்குழாயைச் சேர்த்தால் அது வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதை அப்போதே உணர்ந்தேன். உணர்ந்தும் நிறுத்த முடியவில்லை. கலைஞனுக்கு இளகிய மனம், அறிவியல்காரிக்குக் கல்மனம் என்று எத்தனை தடவை அவளைக் கேலி செய்திருப்பேன்.

அன்றிலிருந்து எனக்குள் ஏதோ சரியில்லை. தூரிகையைத் தொட்டால் மீன் வந்தது. தொடாவிட்டாலும் வந்தது. பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் அக்காவைப் பிடித்து, மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். நீ அழுதாய், நான் நிறம் பார்த்தேன், நான் என்ன மனிதன் என்றேன்.

அவள் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தாள்.

"நான் மீனுக்காக அழுதேன்னு நினைச்சியா?"

"பின்ன?"

"மீட்டர்ல எண்ணைப் பார்த்தேன்டா. நான் போட்ட கணக்கு அப்படியே வந்திருந்துச்சு. ரெண்டு வருஷம் புரியாதது அந்த ஒரு நொடில வந்து பொருந்துச்சு. அவ்ளோ அழகா இருந்துச்சு. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதுங்க என் காலுக்குக் கீழ செத்துட்டு இருக்கு, எனக்குச் சந்தோஷம். அதைத் தாங்க முடியாமத்தான் அழுதேன்."

ஆறுதல் சொல்ல நினைத்தேன். எனக்கே இல்லாததை அவளுக்கு எங்கிருந்து கொடுப்பது.

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே ரகம்," என்றேன்.

"இருக்கலாம். ஆனா நான் எண்ணை மாத்தி எழுத மாட்டேன். நீ கோட்டை மாத்துவ."

"மாத்துவேன்."

"மாத்துனா எனக்குச் சொல்லிட்டு மாத்து," என்று சொல்லிவிட்டு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

செத்த மீனின் நாற்றம்தான் காரியத்தைச் சாதித்தது. புகாருக்கு அசையாதவர்கள் நாற்றத்துக்கு அசைந்தார்கள். அந்தத் தெருக்காரர்கள் ஒன்றுகூடி, அக்காவின் எண்களையும் என் கைப்பேசிப் படங்களையும் எடுத்துக்கொண்டு போய்ப் பேசினார்கள். அதிகாரிகள் வந்து பம்பு அறைக்குப் போகிற பாதையில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டினார்கள். லாரி வருவது நின்றது. அடுத்த கோடையில் பாசி கட்டியது, ஆனால் பாதி ஏரிக்குத்தான். வலைக்காரர் மறுபடி வலை வீசுகிறார். மீன் முன்பு மாதிரி இல்லை என்கிறார்.

அந்த ஏரிப் படத்தைப் பார்க்க மேடவாக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். புது வீட்டு ஹாலுக்கு வேண்டுமாம். "பார்க்கவே மனசு அமைதியாகுது சார்," என்றார் கணவர். நான் சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பழுப்புக் கோடு என்னவென்று சொன்னேன். பாசியைப் பற்றியும் மீனைப் பற்றியும் சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். பிறகு கூப்பிடவில்லை. ஏன் சொன்னாய் என்று மனைவி கேட்டாள். படத்தை மறுபடி முன்னறைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

என்னை விடாமல் துரத்துவது ஒன்றுதான். அந்த லாரி வேலையை விட்டுவிட்டிருக்காது, வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும். ஜிஎஸ்டி சாலையில் அப்படியொரு லாரி முன்னால் போனால், அது எங்கே திரும்புகிறது என்று பார்க்காமல் என்னால் வண்டி ஓட்ட முடிவதில்லை. சென்ற மாதம் ஒன்றின் பின்னாலேயே வெகுதூரம் போனேன். அது ஒழுங்காகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் நின்று, சீட்டைக் காட்டி, உள்ளே போனது. திரும்பி வந்து, அன்று கைடுக்குக் கொடுக்க வேண்டிய தவளையின் வாழ்க்கைச் சுழற்சியை அரைகுறையாக வரைந்து அனுப்பினேன். தலைப்பிரட்டைக்கு வால் குட்டையாக இருக்கிறது என்று மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.